வலியை மறைத்தால் பென்ஷனும் மறையும்: ராணுவ மெடிக்கல் போர்டுக்கு முன் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

முழங்கால் தேய்ந்துபோன ஹவில்தார், பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது மந்தமான கன்னர், பனிமலையில் இருந்து திரும்பியதிலிருந்து பிபி மாத்திரை போடும் சிப்பாய். மூவரும் ஓய்வு பெறும் முன் ஒரு மருத்துவப் பரிசோதனையைக் கடந்தாக வேண்டும். அங்கே நிரப்பப்படும் ஒரு படிவம், அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு பணம் வரும் என்பதை முடிவு செய்கிறது. ஆனால் பலரும் அதை 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று நினைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

பரிசோதனைக்குத் தயாராவது என்றால் பொய் சொல்லப் பழகுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது தப்பு. உண்மையை முழுசாக, ஆதாரத்தோடு, சரியான கட்டத்தில் எழுதத் தெரிவதுதான் தயாரிப்பு. அதைக் கற்றுத்தர வேண்டிய பொறுப்பு வீரரை விட அரசுக்குத்தான் அதிகம். அது நடக்காதவரை குடும்பம்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்றால் என்ன?

ராணுவத்தில் ஒருவரின் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்து அளவுகோலில் குறிப்பார்கள். மனநலம், கேட்கும் திறன், கை கால்கள், பொது உடல்நலம், பார்வை என ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. எல்லாவற்றிலும் 1 இருந்தால் முழுத் தகுதி. ஏதாவது ஒன்றில் அது 2, 3 என்று இறங்கினால் 'லோ மெடிக்கல் கேட்டகரி'. முதலில் தற்காலிகமாக வைத்து, சில மாதங்களில் மறுபடி பார்ப்பார்கள். குணமாகவில்லை என்றால் நிரந்தரக் கேட்டகரி ஆகும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு நடக்கும்.

இப்படிக் குறைந்த கேட்டகரியில் இருப்பவர் ஓய்வு பெறும்போது ராணுவ மருத்துவர்கள் குழு ஒன்று அவரைப் பரிசோதிக்கும். அதுதான் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, சுருக்கமாக ஆர்.எம்.பி. உடல்நிலை காரணமாகப் பாதியிலேயே வெளியே அனுப்பப்படுபவர்களுக்கு நடப்பது இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு. கேட்கப்படும் கேள்விகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: முழுத் தகுதியில் ஓய்வு பெறுபவருக்குச் சாதாரண வெளியேற்றப் பரிசோதனை மட்டுமே நடக்கும். வலி இருந்தும் வெளியே சொல்லாமல் ஷேப்-1-லேயே காலம் தள்ளியவர், டிசபிலிட்டி பற்றிப் பேசும் அந்த மேஜைக்கே வராமல் போகிறார்.

போர்டு கேட்கும் இரண்டு கேள்விகள்

படிவம் பல பக்கம் ஓடும். அத்தனை பக்கத்திலும் முடிவைத் தீர்மானிக்கும் கேள்விகள் இரண்டுதான்.

முதல் கேள்வி, இந்த நோய் அல்லது காயம் ராணுவப் பணியால் வந்ததா? பணியால் வராவிட்டாலும் பணியால் மோசமானதா? இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதினால் கதை முடிந்தது. ராணுவ வட்டாரத்தில் இதை 'நானா' என்பார்கள். பணியால் வரவும் இல்லை, பணியால் மோசமாகவும் இல்லை என்பதற்கான ஆங்கில எழுத்துச் சுருக்கம் அது. டிசபிலிட்டி பென்ஷன் வழக்குகளில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

இரண்டாவது கேள்வி, பாதிப்பு எத்தனை சதவீதம்? பணிக்காலம் முடித்து ஓய்வு பெறுபவருக்குக் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். பல பாதிப்புகள் இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டிவிட மாட்டார்கள், சேர்த்துப் பார்த்து ஒரு மொத்த மதிப்பீடு போடுவார்கள்.

அந்தச் சதவீதத்தின் விலை என்ன?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். 2023-க்கு முந்தைய விதிகளின்படி, 100 சதவீதப் பாதிப்புக்கு டிசபிலிட்டி எலிமெண்ட் என்பது கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம். சதவீதம் குறைந்தால் அதே விகிதத்தில் தொகையும் குறையும். சர்வீஸ் பென்ஷனுக்கு மேலே தனியாக வரும் பணம் இது.

கடைசி ஊதியம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் 18,000 ரூபாய். பாதிப்பு 30 சதவீதம் என்றால் கிடைப்பது 5,400 ரூபாய். ஆனால் இதோடு முடியவில்லை. 'பிராட் பேண்டிங்' என்று ஒரு முறை உண்டு. 20 முதல் 49 வரை இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் இருந்தால் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்படி நம் உதாரண வீரருக்கு 30 சதவீதம் 50 ஆகிறது. மாதம் 9,000 ரூபாய்.

வருஷத்துக்கு 1,08,000 ரூபாய். இருபது வருஷத்துக்கு 21,60,000 ரூபாய், அதுவும் அகவிலை நிவாரணத்தைச் சேர்க்காமல். சிப்பாய்களில் பலர் நாற்பது வயதுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பது இருபது வருஷம் அல்ல, அதற்கும் மேல். போர்டு 20-க்குப் பதில் 15 என்று எழுதினாலோ, 'நானா' என்று எழுதினாலோ, மொத்தமும் பூஜ்யம்.

உண்மையான பரீட்சை எப்போது நடக்கிறது?

போர்டு உட்காரும் நாளில் நடப்பது பரிசோதனையின் கடைசிப் பக்கம் மட்டும்தான். மருத்துவர்கள் முன்னால் ஆளும் நிற்கிறார், அவருடைய ஃபைலும் கிடக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் லடாக்கில் என்ன நடந்தது என்பது மருத்துவருக்குத் தெரியாது. ஃபைல் சொல்வதுதான் அவருக்குத் தெரியும்.

பணியின்போது காயம் பட்டால் 'ஐ.ஏ.எஃப்.ஒய்-2006' என்ற காய அறிக்கை எழுதப்பட வேண்டும். தேவைப்பட்டால் கோர்ட் ஆஃப் என்கொயரி நடக்கும். அந்த நேரத்தில் அவர் பணியில் இருந்தாரா என்று கமாண்டிங் ஆபீசர் கருத்து எழுதுவார். காயம் பட்ட வாரத்தில் இதெல்லாம் வெறும் பேப்பராகத் தெரியும். ஓய்வு பெறும் வருஷத்தில் அந்தப் பேப்பர்தான் சாட்சி.

இங்கேதான் நம்ம ஆட்களின் பெருமையே அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. 'சிக் ரிப்போர்ட்' போடுபவனைச் சோம்பேறி என்று பார்க்கும் பழக்கம் யூனிட்டுகளில் உண்டு. கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வும், பணி நீட்டிப்பும், சில கோர்ஸ்களும் கைநழுவலாம். அதனால் மெடிக்கல் ரூமுக்குப் போகாமல் வெளியே மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறார்கள். லீவில் ஊருக்கு வந்தால் கட்டு வைத்தியரிடம் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். சொந்தச் செலவில் ஸ்கேன் எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இதில் எதுவும் ராணுவ ஃபைலில் ஏறாது.

பதினேழு வருஷ வலி, ஃபைலில் பதினேழு எழுத்துகூட இல்லை. அப்புறம் போர்டு 'ஆதாரம் இல்லை' என்று எழுதினால் மருத்துவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? மறைக்கத் தூண்டும் அமைப்பை வைத்துக்கொண்டு, மறைத்ததற்கான தண்டனையை வீரருக்குக் கொடுப்பது நியாயமே இல்லை. ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை காத்திருந்தால் பென்ஷன் கிடைக்காது.

போர்டுக்கு முன்: கையில் என்ன இருக்க வேண்டும்?

ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே இந்த வேலையை ஆரம்பித்துவிடுவது நல்லது.

*போஸ்டிங் பட்டியல்.* எந்த வருஷம் எந்த இடம், அது ஃபீல்டா பீஸா, உயரமான மலைப்பகுதியா, கிளர்ச்சி எதிர்ப்புப் பகுதியா, என்ன வேலை. படிவத்தின் முதல் பகுதியிலேயே இது கேட்கப்படும். நினைவிலிருந்து எழுதினால் தேதிகள் முன்பின் ஆகும். பதிவேட்டைப் பார்த்து எழுதினால் நோய் ஆரம்பித்த காலமும் பணியிடமும் தானாகவே பொருந்தி நிற்கும்.

*மருத்துவ ஆவணங்கள்.* சேர்க்கையின்போது நடந்த பரிசோதனை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கங்கள், ஒவ்வொரு கேட்டகரி போர்டின் நகல், ஸ்பெஷலிஸ்ட் கருத்து, ஆடியோகிராம், எக்ஸ்-ரே, காய அறிக்கை, என்கொயரி முடிவு. இவற்றின் நகல்களை முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். கன்டோன்மென்ட்டுக்குள் போன் கேமராவில் படம் எடுப்பது சிக்கலாகலாம். கிடைத்த நகல்களை வீட்டில் ஸ்கேன் செய்து தேதி வாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கலாம். இந்த வேலையைப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்துவிடலாம்.

*காலவரிசை.* ஒரே ஒரு பக்கம் போதும். முதல் அறிகுறி எப்போது, அப்போது எங்கே பணி, யாரிடம் சிகிச்சை, எப்போது மோசமானது. மருத்துவரிடம் படித்துக் காட்டுவதற்காக அல்ல, பதற்றத்தில் தேதி குழம்பாமல் இருப்பதற்காக.

*அன்றாடப் பாதிப்பு.* 'முழங்கால் வலி' என்பது புகார். 'இரண்டு மாடி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கு, தரையில் சம்மணம் போட முடியல, இரவில் இரண்டு முறை வலியில் விழிப்பு வருது' என்பது தகவல். எது மதிப்பீட்டுக்கு உதவும் என்று சொல்லத் தேவையில்லை. மனநலப் பிரச்னை என்றால் வீரருக்கே தன் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். மனைவியும் அம்மாவும் கவனித்ததைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்ய வைப்பது நல்லது.

படிவத்தில் அதிகம் கோட்டை விடும் இடம்

வீரர் தானே நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. என்னென்ன நோய், காயம் இருக்கிறது? எப்போது, எங்கே ஆரம்பித்தது? பணியில் சேரும் முன் இது இருந்ததா? பணியில் நடந்த எந்தச் சம்பவம் இதற்குக் காரணம் அல்லது இதை மோசமாக்கியது என்று நினைக்கிறீர்கள்? உடல்நலம் குறித்து வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

இதில் கடைசி இரண்டு கேள்விகளுக்கு 'நில்' என்று எழுதிவிட்டு வருவது சர்வசாதாரணம். கிளார்க் அப்படித்தான் எழுதச் சொன்னார், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பார்கள். ஆனால் தன் கையெழுத்தில் 'சம்பவம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் தீர்ப்பாயத்தில் 'பணியால்தான் வந்தது' என்று வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். புரியாத மொழியில் இருந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

இன்னொரு பொறி அறுவை சிகிச்சை. சிகிச்சையோ ஆபரேஷனோ மறுத்தீர்களா, மறுத்தது நியாயமானதா என்றும் படிவம் கேட்கிறது. 'ஆபரேஷன் வேண்டாம் சார்' என்று சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை, பிற்பாடு சதவீதத்தைக் குறைக்கக் காரணமாகலாம். மறுத்தால் ஏன் மறுக்கிறீர்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

போர்டு நாளில்

மருந்து சாப்பிட்டிருந்தால் சொல்லிவிட வேண்டும். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போய் முழங்காலை மடக்கிக் காட்டினால் அது மாத்திரையின் பலம், காலின் பலம் அல்ல. அதற்காக மருந்தை நிறுத்திவிட்டுப் போவதும் ஆபத்து, குறிப்பாக பிபி, சர்க்கரை, வலிப்பு, மனநல மருந்துகளை. மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், எந்த அளவில் என்று சொன்னாலே போதும்.

'எப்படி இருக்கீங்க?' என்று மருத்துவர் கேட்டால் 'நல்லா இருக்கேன் சார்' என்று அட்டென்ஷனில் பதில் சொல்வது பழக்க தோஷம். அந்த அறையில் அந்தப் பதில் மரியாதையாக மட்டும் நிற்காது, பதிவாகவும் ஆகிவிடும். நல்ல நாள் எப்படி, மோசமான நாள் எப்படி, மாதத்தில் எத்தனை நாள் மோசம் என்று சொல்ல வேண்டும்.

எல்லாப் பாதிப்பையும் சொல்ல வேண்டும், கேட்டதற்கு மட்டும் அல்ல. முதுகுக்காகப் போனவர் காதைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டால் காது அந்தப் படிவத்தில் இல்லாமலே போய்விடும்.

அதே நேரத்தில் கூட்டிச் சொல்லவே கூடாது. நொண்டி நடித்துக் காட்டுபவர்களை ராணுவ மருத்துவர்கள் பல வருஷமாகப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு இடத்தில் மிகைப்படுத்தியது தெரிந்தால், உண்மையான மற்ற மூன்று பாதிப்புகள் மீதும் சந்தேகம் விழும். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் உண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது என்பதாலேயே மகனின் நோயைப் பணி மோசமாக்கவில்லை என்று ஆகிவிடாது.

முடிந்ததும் போர்டு நடவடிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். முடிவு என்ன என்பதோடு 'ஏன்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் பலன் யாருக்கு?

இந்த விஷயத்தில் சட்டம் பல காலம் வீரர் பக்கமே சாய்ந்திருந்தது. 1982-ம் ஆண்டு தகுதி விதிகள், பணியில் சேரும்போது அவர் நல்ல உடல்நிலையில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றன. சேரும்போது குறிப்பு எதுவும் இல்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியில் வந்ததாகவே கருத வேண்டும். நிரூபிக்கும் சுமை அவர் மேல் இல்லை. நியாயமான சந்தேகத்தின் பலன் அவருக்கே.

இதை அழுத்தமாகச் சொன்னது 2013-ம் ஆண்டு தரம்வீர் சிங் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985-ல் சேர்ந்த சிப்பாய் அவர். வலிப்பு நோய் காரணமாக 20 சதவீதப் பாதிப்புடன் வெளியே அனுப்பப்பட்டார், பென்ஷன் மறுக்கப்பட்டது. சேர்க்கையின்போது அந்த நோய் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை, போர்டு காரணமும் சொல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இன்றுவரை டிசபிலிட்டி வழக்குகளில் முதலில் எடுத்து வைக்கப்படும் தீர்ப்பு இதுதான்.

பிறகு 2008-ல் விதிகள் மாறின. சாதாரணமாக வீரர் நிரூபிக்கத் தேவையில்லை என்பது நீடித்தாலும், வெளியே வந்து 15 ஆண்டு கழித்துக் கோரினால் நிரூபிக்கும் சுமை அவருக்கே என்று ஆனது. 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு புதிய தொகுப்பு. உடல்நிலையால் பாதியில் அனுப்பப்படாமல், பணிக்காலம் முடித்துப் பாதிப்போடு ஓய்வு பெறுபவருக்குக் கிடைப்பதற்கு இப்போது 'இம்பேர்மெண்ட் ரிலீஃப்' என்று பெயர். மதிப்பீட்டுக்கான மருத்துவ வழிகாட்டியும் திருத்தப்பட்டது. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் 2010-ல் வாங்கினார் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓய்வு பெறும் தேதிதான் எந்த விதி என்பதை முடிவு செய்யும்.

நீதிமன்றங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. போர்டு காரணம் சொல்ல வேண்டும். பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது வந்த நோய் என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. காரணம் இல்லாத மருத்துவக் கருத்தை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு மீண்டும் வலியுறுத்தியது.

'எல்லாரும் வாங்குறாங்க' என்ற எதிர்வாதம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வாழ்க்கைமுறை நோய்களுக்கு, குறிப்பாக அதிகாரிகள் மட்டத்தில், டிசபிலிட்டி பென்ஷன் பெறுவோர் அதிகமாகிறார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே கேள்வி எழுப்பியிருக்கிறார். ஐடி கம்பெனியில் உட்கார்ந்திருப்பவனுக்கும்தான் பிபி வருது, அதற்கு யார் பென்ஷன் தருகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு.

நியாயமான கேள்வி. ஆனால் ஐடி ஊழியருக்கு ராத்திரி முழுக்கப் பனியில் காவல் நிற்கும் வேலை இல்லை. குடும்பத்தை விட்டு வருஷக்கணக்கில் எல்லையில் இருக்கச் சொல்லி யாரும் உத்தரவு போட முடியாது. பிடிக்காவிட்டால் ரிசைன் செய்யலாம். இந்த வித்தியாசத்தைத்தான் விதி 'பணியால் மோசமானது' என்ற சொல்லில் அடக்குகிறது.

தவறாக வாங்குபவர்கள் இருந்தால் அவர்களைப் பிடிக்க வழி, காரணத்தோடு எழுதப்பட்ட நல்ல பதிவு. பதிவு பலமாக இருந்தால் பொய்க் கோரிக்கை நிற்காது, உண்மைக் கோரிக்கை விழாது. கதவைக் குறுக்கினால் என்ன ஆகும்? சட்டம் தெரிந்தவர், வக்கீல் வைக்கக் காசு உள்ளவர் எப்படியும் நுழைந்துவிடுவார். வெளியே நிற்பது கிராமத்துச் சிப்பாய்தான்.

நிராகரித்தால் அடுத்து என்ன?

முதலில், நிராகரிப்புக் கடிதத்தில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் அவகாசம். அங்கும் மறுத்தால் இரண்டாவது மேல்முறையீடு. அதன்பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இதற்குச் சென்னையில் கிளை இருக்கிறது. டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

மேல்முறையீட்டில் 'நாட்டுக்காக உழைத்தேன்' என்று மட்டும் எழுதினால் பலன் இல்லை. எந்த ஆவணத்தைப் போர்டு பார்க்கவில்லை, எந்தக் காரணத்தைச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுதல் கிடைக்கும். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கிய 'வீர் பரிவார் சகாயதா யோஜனா', படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் இலவசச் சட்ட உதவி தருவதற்கானது. 'பென்ஷன் வாங்கித் தர்றேன், முதல் அரியர்ஸில் பாதி கொடு' என்று வரும் புரோக்கர்களிடம் போகும் முன் இந்த இரண்டு கதவையும் தட்டிப் பார்க்கலாம்.

அக்னிவீரர்களுக்கு இன்னும் அவசரம்

நான்கு ஆண்டுப் பணிக்குச் செல்லும் அக்னிவீரர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பணியால் வந்த அல்லது பணியால் மோசமான பாதிப்பு என்றால் ஒருமுறை வழங்கும் தொகை உண்டு: 50 சதவீதத்துக்கு 15 லட்சம், 75-க்கு 25 லட்சம், 100-க்கு 44 லட்சம் ரூபாய்.

நான்கே ஆண்டு என்பதால் பதிவு சேர்க்கவும் காலம் குறைவு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாக வேண்டும் என்ற ஆசையில் காயத்தை மறைக்கும் அழுத்தமோ மற்ற எவரையும் விட அதிகம். உங்கள் தம்பியோ நண்பனோ அங்கே இருந்தால், காயம் பட்ட அன்றே அறிக்கை எழுதப்பட்டதா என்று கேளுங்கள்.

என்ன மாற வேண்டும்?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வீரர் நிரப்பும் பகுதியை அவர் தாய்மொழியில், போர்டுக்குச் சில மாதம் முன்பே கையில் கொடுக்க வேண்டும். மருத்துவ ஆவணங்களின் முழு நகலை அவர் கேட்காமலே தர வேண்டும். 'தொடர்பில்லை' என்று எழுதினால் காரணத்தை விளக்கும் பகுதி காலியாக இருந்தாலோ ஒரே வரியில் முடிந்தாலோ அந்தப் படிவம் செல்லாது என்று ஆக்க வேண்டும். நீதிமன்றங்கள் வழக்கு வழக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு உத்தரவில் நடைமுறைப்படுத்தினாலே தீர்ப்பாயங்களின் சுமை பாதி இறங்கும்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வந்துவிட்டது, அவ்வளவு வீடுகளில் இருந்து படைக்குப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் சேர்க்கை முகாமுக்குத் தயார்செய்ய பயிற்சி மையங்கள் உண்டு. எப்படி ஓட வேண்டும், எப்படி மார்பை விரிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். உள்ளே நுழையும் பரிசோதனைக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியை, வெளியே வரும் பரிசோதனைக்கும் காட்டலாம்.

வீட்டில் பணியில் இருப்பவர் யாராவது இருந்தால் இந்த வாரப் போன் காலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்க மெடிக்கல் பேப்பர் எல்லாம் எங்க இருக்கு?' பதில் தெரியவில்லை என்றால், தேட ஆரம்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.